பச்சை டேப் ஒட்டிய பாட்டில்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஓட்டைக்காரி என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஓட்டை எண்ணுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கண்ணாடி போன்ற தட்டின் அடியில் செல்களைப் பாய் விரித்ததுபோல வளர்த்து, அதன்மேல் வைரஸை விட்டு, மூன்று நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிரோடிருக்கும் செல்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். வைரஸ் தின்று தீர்த்த இடங்கள் வெள்ளை வெள்ளையாக ஓட்டை விழுந்து கிடக்கும். அவற்றை எண்ணுவதுதான் ஐந்து வருடமாக அவள் பிழைப்பு.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கல்யாணமான புதிதில் ஒருநாள், "நீ அங்க என்னதான் பண்றே, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்று கேட்டான்.

"வைரஸுக்குச் சொந்தமா அடுப்பு கிடையாது. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, அங்க இருக்கிற அடுப்புல சமைச்சுச் சாப்பிடும்."

"எங்க மாமா மாதிரி. ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்து ஆறு மாசம் இருந்தாரே."

"கிட்டத்தட்ட. செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு. கொழுப்பு செய்யறது அதோட வேலை. அதுதான் சமையல்காரன்னு வெச்சுக்கோ. வைரஸ் உள்ள வந்ததும் முதல்ல அவனைக் கைக்குள்ள போட்டுக்கும். அவன் செய்யற கொழுப்பை எடுத்துத்தான் தனக்கு மேல்சட்டை தச்சுக்கும். சட்டை இல்லாம வெளிய போய் இன்னொரு செல்லைப் பிடிக்க முடியாது."

"அப்ப சமையல்காரனுக்கு லீவு குடுத்துட்டா?"

"அதைத்தான் நான் பண்றேன்."

அவன் கைதட்டிச் சிரித்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால்தான் அவளுக்கு அடிவயிறு எரிகிறது. அந்தக் கதை பின்னால் வரும்.

வேறு ஒரு நோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பழைய மாத்திரை ஒன்று இந்த என்சைமின் கையைக் கட்டிப்போடும். அதைச் செல்களுக்குக் கொடுத்துவிட்டு வைரஸை விட்டால் முந்நூறு ஓட்டை இருந்த இடத்தில் மூன்று ஓட்டைதான் விழும். அவள் ஆய்வே அவ்வளவுதான். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அதை வைத்து அடுத்த மாதம் முதல் தேதி, பக்கத்து ஆஸ்பத்திரியில் இந்த வைரஸால் வந்த காய்ச்சலோடு படுத்திருக்கும் நாற்பது பேருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. வேறு ஒரு மருந்தின் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்த நோயாளிகளைப் பேசி இதற்கு மாற்றியிருந்தார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். அது முடிந்தால் அவளுக்கு முனைவர் பட்டம். ஆய்வுக்கூடத் தலைவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சிரிப்பு அவருக்குச் சரியாக வராது, இருந்தாலும் முயன்றார்.

இவ்வளவு நல்லது நடக்கக் காரணமாக அவள் நம்பியது ஒரே ஆளை. நாத்தனாரை. புருஷனுக்கு அக்கா, அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மீடியம் தயாரிக்கும் அறையின் பொறுப்பாளர். செல்களுக்குத் தீனி அவள் கையால்தான் போகும். சர்க்கரை, உப்பு, மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் எல்லாவற்றையும் கலந்து, வடிகட்டி, இளஞ்சிவப்பு நிறத்தில் பாட்டில் பாட்டிலாக நிரப்பி, ஒவ்வொருவர் பெயரையும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டி மேலே அனுப்புவாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தே இதில் என்ன குறைகிறது என்று சொல்லிவிடுவாள். முனைவர்கள் நாலு பேர் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை, "சீரத்தை மாத்திப் பாருங்க சார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள்.

ஓட்டைக்காரி அங்கே சேர்ந்த முதல் பத்து மாதம் ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. மருந்து போட்டாலும் முந்நூறு, போடாவிட்டாலும் முந்நூறு. ஒருநாள் மத்தியானம் கீழ்த்தளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நாத்தனார் அப்போது நாத்தனார் இல்லை, மீடியம் அறை அக்கா. ரப்பர் கையுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவள் பாட்டில்களில் வெள்ளைக்குப் பதிலாகப் பச்சை டேப் ஒட்டியிருந்தது.

"இது எதுக்குக்கா பச்சை?"

"ராசியான கலர்டி. உனக்கு மட்டும்தான்."

அந்த வாரத் தட்டில் மூன்று ஓட்டைகள். அவள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடி, மீடியம் அறை வாசலிலேயே அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அதற்கப்புறம் பச்சை பாட்டில்தான். ஆறு மாதத்தில் அக்கா தன் தம்பிக்குப் பெண் கேட்டாள். இப்படி ஓர் அக்கா இருக்கிற வீட்டுக்குள் போகக் கசக்குமா? சரி என்றாள். கல்யாணமாகி அதே குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தபோது, நாலாவது மாடியில் இருந்த நாத்தனார் இறங்கி வந்து சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் தன் மணிமணியான எழுத்தில், அதே பச்சை டேப்பில், உப்பு, சர்க்கரை, மிளகு என்று எழுதி ஒட்டிக் கொடுத்தாள்.

இப்படியாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கடிதம் வந்தது.

வேறு ஊர் ஆய்வுக்கூடம் ஒன்று எழுதியிருந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தோம், அதே செல், அதே வைரஸ், அதே மருந்து. எங்கள் தட்டில் ஓட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா? மரியாதையான கடிதம்தான். ஆனால் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"மறுபடி பண்ணிப் பாரும்மா."

பண்ணினாள். மூன்று ஓட்டை. இன்னொரு முறை. நாலு ஓட்டை. அவளுக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் எரிச்சல் வந்தது. கை சுத்தமில்லாதவர்கள், மருந்தைச் சரியாகக் கரைக்கத் தெரியாதவர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். நாத்தனாரும் சேர்ந்து திட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே திட்டினாள் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் நாத்தனார் கண் புரை ஆபரேஷனுக்காக நாலு நாள் விடுப்பில் போனாள். இரண்டாவது நாளே பச்சை பாட்டில் தீர்ந்துவிட்டது. ஓட்டைக்காரி பக்கத்து மேசையில் ஒரு வெள்ளை டேப் பாட்டிலைக் கடன் கேட்டு வாங்கிச் செல்களுக்கு ஊற்றினாள். மீடியத்துக்கு மீடியம், இதில் என்ன இருக்கிறது? மருந்தைப் போட்டாள், வைரஸை விட்டாள். மூன்று நாள் கழித்துச் சாயத்தைக் கழுவித் தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தபோது, எண்ணவே தேவையில்லாமல் இருந்தது. சல்லடை.

தப்பாகக் கலந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். நாத்தனார் திரும்பி வந்து புதுப் பச்சை பாட்டில் மேலே வந்ததும், ஒரே நாளில், ஒரே செல்களை, ஒரே மருந்தோடு, பாதித் தட்டுகளுக்குப் பச்சையும் பாதித் தட்டுகளுக்கு வெள்ளையும் ஊற்றினாள். பச்சையில் மூன்று. வெள்ளையில் முந்நூற்றுப் பதினொன்று. மருந்து போடாத தட்டுகளில் இரண்டு பாட்டிலுக்கும் ஒரே மாதிரி முந்நூறு சொச்சம்.

அவள் முட்டாள் இல்லை. ஐந்து வருடம் இதே என்சைமோடு குடித்தனம் பண்ணியவள். செல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே சமைக்கும்; சமைக்க முடியாவிட்டால் வெளியே சுற்றியிருக்கும் சீரத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். வீட்டு அடுப்பை அணைத்துவிட்டால் என்ன, வாசலிலேயே ஓட்டல் இருக்கும்போது? வைரஸுக்கும் கவலை இல்லை, ஓட்டல் கொழுப்பிலேயே சட்டை தைத்துக்கொள்ளும். ஓட்டலையும் சேர்த்து மூடினால்தான் அது பட்டினி கிடக்கும். அவள் பாட்டிலில் மட்டும் யாரோ ஓட்டலை மூடியிருக்கிறார்கள். மனுஷ ரத்தத்தில் அதை மூடவே முடியாது. நாற்பது பேரும் வெறும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிடக்கப் போகிறார்கள்.

தட்டுகளை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கீழே போனாள். நாத்தனார் ஒரு கண்ணில் கறுப்புக் கட்டோடு குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி.

"அக்கா, என் பாட்டில்ல என்ன சீரம் போடறீங்க?"

நாத்தனார் திரும்பவில்லை. "எப்பவும் போடறதுதான்."

"எல்லாருக்கும் போடறதா?"

குழாய் நின்றது. கையைத் துடைக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று பேர் குளித்துவிட்டு வந்திருக்கலாம்.

"கொழுப்பு எடுத்த சீரம்" என்றாள் கடைசியில். "முன்னாடி வேற ஒருத்தர் ஆராய்ச்சிக்கு வாங்கினது, மிச்சம் கிடந்துச்சு. அதுல வளர்ற செல்லுல இந்த மாதிரி மருந்து ஒண்ணுக்குப் பத்தா வேலை செய்யுதுன்னு அவர் புலம்பினது ஞாபகம் இருந்துச்சு."

"எனக்கு ஏன் போட்டீங்க?"

"ஒரே ஒரு பாட்டில்தான்டி போட்டேன். படிக்கட்டுல உட்கார்ந்து அப்படி அழுதியே, என்னால தாங்க முடியல. ஒருநாளாவது உன் மூஞ்சில சிரிப்பைப் பாக்கலாம்னு போட்டேன். நீ தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தே. கட்டிப்புடிச்சுக் குதிச்சே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லுவேன்?"

"நாலு வருஷம்க்கா."

"ஒவ்வொரு பாட்டிலுக்கும் இதோட நிறுத்திடணும்னுதான் நினைச்சேன். நிறுத்தினா உனக்குத் தெரிஞ்சுடுமே."

ஓட்டைக்காரிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அறைந்தவர்களிடம் திருப்பி அறையலாம். தடவிக் கொடுத்தே கழுத்தை அறுத்தவர்களை என்ன செய்வது?

"நாளைக்கே தலைவர்கிட்ட சொல்லப் போறேன். டாக்டரையும் வரச் சொல்லணும். நாற்பது பேர் உயிர் விஷயம்."

நாத்தனார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "நீ சொல்லாதே. நானே சொல்றேன். நான்தான் பண்ணேன், அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு என் வாயாலயே சொல்லிடறேன். என் வேலை போனாப் போகட்டும். நீ சாப்பிட்டுட்டு நிம்மதியா தூங்கு."

அந்த நேரத்தில்கூட அவளுக்கு அக்காமேல் இரக்கம் வந்தது. கோபம் பாதி கரைந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அப்படி ஒரு மனசு அவளுக்கு. அதற்காக அவளைப் பாராட்ட நான் தயாரில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தலைவர் அறையில் கூடினார்கள். தலைவர், ஆஸ்பத்திரி டாக்டர், நிர்வாகத்திலிருந்து ஓர் அம்மாள், ஓட்டைக்காரி. தட்டுகளை மேசைமேல் பரப்பி, பச்சை பாட்டில் இது, வெள்ளை பாட்டில் இது என்று அவள் விளக்கினாள். டாக்டர் ஒரு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"என் நோயாளிங்க ரத்தத்துல கொழுப்பு இல்லாமலா இருக்கும்?" என்றார். "சோதனை வேண்டாம். நிறுத்திடலாம். நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது."

அவளுக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. முக்கியமானது முடிந்துவிட்டது. பட்டம் தள்ளிப்போகும், போகட்டும்.

"இந்தச் சீரம் எப்படி உங்க பாட்டிலுக்கு வந்துச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"அதை அக்காவே சொல்லுவாங்க" என்றாள்.

நாத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள், கையில் ஒரு கோப்பு. யாரையும் பார்க்காமல் அதை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். மீடியம் கேட்கும் சீட்டுகள், நாலு வருடத்துச் சீட்டுகள், தேதி வாரியாக அடுக்கியது. ஒவ்வொன்றிலும் நாத்தனாரின் மணிமணியான எழுத்தில் 'கொழுப்பு நீக்கிய சீரம்'. ஒவ்வொன்றின் கீழும் ஓட்டைக்காரியின் கையெழுத்து.

"மேடம் என்ன எழுதிக் குடுத்தாங்களோ அதைத்தான் சார் போட்டேன்" என்றாள் நாத்தனார். "அவங்க கேட்டாங்க, நான் குடுத்தேன். எனக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது."

ஓட்டைக்காரிக்குச் சீட்டுகள்கூட முதலில் கண்ணில் படவில்லை. மேடம் என்ற சொல்தான் காதில் விழுந்தது. அவங்க என்ற சொல்தான் விழுந்தது. ஐந்து வருடம் வாடி போடி என்று கூப்பிட்ட வாய், தலைமுடியில் சிக்கெடுத்துவிட்ட கை, இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவளுக்கு மரியாதை கொடுத்தது. வாழ்க்கையில் யாரும் அவளை இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை.

சீட்டுகளில் எப்போது கையெழுத்துப் போட்டோம் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கவளமும் இன்னொரு கையில் பேனாவுமாக இருக்கும்போது, நாத்தனார் நாலைந்து சீட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்துவாள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுடி, ஸ்டாக் சரி பண்ணணும்." போடுவாள். ஓட்டையை ஒன்று விடாமல் எண்ணுகிறவள், ஒரு நாள்கூட அந்தச் சீட்டை வாசித்துப் பார்த்ததில்லை. அக்கா கொடுத்ததை எதற்கு வாசிக்க வேண்டும்?

தலைவர் ஒரு சீட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

நாத்தனார் இப்போதும் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஒற்றைக் கண்ணால்.

"ஆமா" என்றாள் ஓட்டைக்காரி. "கையெழுத்து என்னுதுதான். வாசிக்காம போட்டது."

"வாசிக்காம போட்டேன்னு சொன்னா யாரு நம்புவாங்க?" என்றார் தலைவர். அவர் கேட்டதில் தப்பில்லை. விசாரணை முடியும்வரை ஆய்வுக்கூடத்துக்குள் வர வேண்டாம் என்று நிர்வாகத்து அம்மாள் சொன்னாள். இன்குபேட்டரில் இருந்த செல்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் எழுந்து வந்தாள்.

சாயங்காலம் புருஷன் ஐந்தரைக்கே வந்துவிட்டான். எப்போதும் ஏழாகும். கருவிப் பையை மூலையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவள் நடந்ததையெல்லாம் கொட்டினாள். படிக்கட்டு அழுகையிலிருந்து மேடம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். எழுந்து நாலாவது மாடிக்கு ஓடுவான், அக்காவை நாலு வார்த்தை கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் பெருவிரல் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

அவன் அடுத்த நகத்துக்குப் போனான்.

"சொல்லு. தெரியுமா?"

"அக்கா சொல்லிச்சு."

"எப்போ? நேத்தா?"

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே." குரல் உள்ளே போய்விட்டது. "பாவம் அந்தப் பொண்ணு, ரொம்ப அழுதுச்சு, நான் ஒரு சின்ன உதவி பண்ணேன்னு சொல்லிச்சு. எனக்கு அதெல்லாம் என்ன புரியும்? நீ சந்தோஷமா இருந்தே. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

சமையல்காரன் கதைக்குக் கைதட்டிச் சிரித்தானே, அப்போதும் தெரியும். ஒவ்வொரு முறை அவள் மூன்று ஓட்டை, மூன்று ஓட்டை என்று வீட்டுக்குள் ஆடிக்கொண்டு வந்தபோதும் தெரியும். அவள் பட்டம் வாங்கும் அன்று போட்டுக்கொள்ள அவன் புதுச் சட்டை எடுத்து வைத்தபோதும் தெரியும்.

"சரி. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினாங்களே, அதுவும் தெரியுமா?"

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். திருடன் முழி இல்லை, அதுதான் கொடுமை. நியாயம் பேசுகிறவன் முழி.

"நான்தான் காட்டச் சொன்னேன். அக்கா ராத்திரியெல்லாம் அழுதுச்சு, நானே சொல்லி மாட்டிக்கறேன்னுதான் சொல்லிச்சு. நான்தான் வேண்டாம்னேன். அதுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு, அந்த வேலையை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. நீ படிச்சவ. உனக்கு இங்க இல்லன்னா இன்னொரு இடம். நீ எப்படியும் சமாளிச்சுப்பேன்னு ஒரு நம்பிக்கைதான்."

"நம்பிக்கை" என்றாள் அவள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மாடியில் நாத்தனார் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்து, டீத்தூள் போட்டாள். அவன் பின்னாலேயே வந்து வாசலில் சாய்ந்து நின்றான். தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றானே தவிர, மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. டீ கொதித்தது. அலமாரியில் வரிசையாகப் பச்சை டேப் டப்பாக்கள். உப்பு, சர்க்கரை, மிளகு. அந்த எழுத்தில் ஒரு சுழிகூடக் கோணலாக இருக்காது.

சர்க்கரை என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. ஒரு விரலை விட்டுத் தொட்டு எடுத்தாள்.

"என்ன பாக்கறே? அது சர்க்கரைதான்" என்றான் அவன்.

"இரு" என்றாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் கரண்டியை எடுத்தாள்.